இரவல் ஏட்டில் விழும் பூஜ்யம்

கணித ஆசிரியராயிருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன், புத்தகங்களுக்கிடையே வந்த பின்னும் எண்களின் மீது கொண்ட பிரீதியை விட்டாரில்லை. நூலக சேவையையும் புள்ளிவிவர சாஸ்திரத்தால் அளந்தறியலாம் என்று 1948இல் இங்கிலாந்தில் நடந்த ஆஸ்லிப் என்னும் நூலகச் சங்கத்தின் மாநாட்டில் எடுத்துரைத்து, அம்முறைக்கு ‘லைப்ரமெட்ரி’ என நாமகரணமும் செய்தார். அவரே 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளுள் மூன்றாவது, நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வாசகர் உண்டென்பது. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினாலன்றி நூலகக் கணக்கின் தாத்பரியம் விளங்காது என்பது என் திடமான அபிப்பிராயம்.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக நூலகத்தைப் பற்றி ஆலன் கென்ட் முதலியோர் 1979இல் வெளியிட்ட ஆராய்ச்சி, 1969இல் வாங்கிய நூல்களில் ஏறத்தாழ 40 சதவீதம் ஆறாண்டுகளாகியும் ஒருமுறைகூட இரவல் போகவில்லை என்று அறிவித்தபோது பெருஞ்சர்ச்சை மூண்டது. இரவல் போகாத நூலை வீண் செலவென்று தள்ளுவது சுலபம். ஆனால் மூன்றாம் விதியை நம்புகிறவருக்கு அந்தப் பூஜ்யம் நூலின் மீது சாட்டப்பட்ட குற்றமன்று, அதை உரிய வாசகரிடம் சேர்ப்பிக்கத் தவறிய நம் மீது சாட்டப்பட்டதேயாகும். பின்னட்டையின் உட்புறம் ஒட்டிய தேதித் தாளில் ஊதா மை மங்கிய கடைசி முத்திரையைக் கண்டதும், நூல் செத்துவிட்டதென்று முடிவு கட்டுமுன், அது அலமாரியின் கீழ்த்தட்டில் குனிந்தாலொழியக் கண்ணில் படாத இடத்தில் கிடக்கிறதா, நூற்பட்டியலில் தவறான தலைப்பின்கீழ் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

அன்றியும், இரவல் ஏடு உபயோகம் முழுவதையும் காட்டுவதுமில்லை; அகராதிக்கும் கலைக்களஞ்சியத்துக்கும் இரவலே கிடையாது. நாள் முழுதும் புரட்டப்பட்டாலும் இரவல் ஏட்டில் அவற்றுக்கு ஒரு வரிகூட இராது. ஆகையால்தான், படித்த நூல்களை மேஜைமீதே விட்டுச் செல்லுமாறு வாசகரை வேண்டி, அடுக்குமுன் எண்ணிக் குறித்துக்கொள்ளும் வழக்கம் ஏற்பட்டது. எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைத்துப் போகும் ஒழுங்குள்ள வாசகரால் அக்கணக்கும் குறையும். மின்னிதழ்களுக்கான ‘கவுண்டர்’ விதிமுறை, ஒருவரே ஒரே கட்டுரையை 30 வினாடிக்குள் இருமுறை சொடுக்கினால் ஒன்றென்றே கொள்கிறது. ஆயினும் சொடுக்கியவர் படித்தாரா என்பதை அதுவும் சொல்லாது.

எல்லாவற்றினும் என்னை வருத்துவது வேறு. ஒரு நூலைத் தேடி வந்து, இல்லையென்ற பதில் பெற்றுத் திரும்புகிறவர் வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்தாக மட்டும் நின்றுவிடுகிறார். அவர் கேட்ட நூலின் பெயர் எங்கும் பதிவாவதில்லை. மாதாந்தரக் கணக்கில் அதற்கென ஒரு பத்தி ஒதுக்கி, அடுத்த கொள்முதல் பட்டியலை அதிலிருந்தே தொடங்க வேண்டும்.