கசக்கினால் மணக்கும் சோலைச் செடி

உதகமண்டலத்திற்குப் போய்த் திரும்புகிறவர்கள், கடைத்தெருவில் யூகலிப்டஸ் தைலத்தோடு சேர்த்து வாங்கிவந்து மூட்டுவலிக்குத் தேய்த்துக்கொள்கிற ‘விண்டர்கிரீன்’ தைலத்தை அறியாதவர் நம்மில் குறைவு. அந்த வாசனையைத் தன் இலைக்குள் அடக்கிக்கொண்டு, நீலகிரியிலும் பழனி மலையிலும் மேகம் படிகிற உச்சிப் பிரதேசங்களில் நனைந்து நிற்கும் செடியைக் கண்டவர் அதனினும் குறைவு. குறிஞ்சியைப் பற்றி எழுதாதவர் இல்லை. அதன் அருகிலேயே வளர்கிற இதனைப் பற்றி ஒரு வரி காண்பதும் அரிதாயிருப்பது எனக்கு நெடுநாளைய மனக்குறை.

தாவர சாஸ்திரிகள் இதனைக் கோல்தீரியா ஃபிராக்ரன்டிஸிமா என்பர். காட்டுப் பூவரசு என்னும் ரோடோடெண்ட்ரானின் குடும்பத்தைச் சேர்ந்த இப்புதர்ச்செடிக்குத் தடித்த இலைகளும், கவிழ்த்த சிறு குடங்களைப் போலச் சரமாகத் தொங்கும் வெண்பூக்களும் உண்டு. கருநீலக் கனியாகத் தோன்றுவதோ, உள்ளிருக்கும் விதைக்கூட்டைச் சதைப்பற்றோடு மூடி வளர்ந்த புல்லிவட்டமேயாகும். இமயச் சாரலிலும், வடகிழக்கிலுள்ள காசி மலைகளிலும், இலங்கையின் மேட்டுநிலத்திலும் வளர்கிற இச்செடி, இடையிலுள்ள சமவெளி எதிலும் கால் வைப்பதில்லை. குளிரும் மூடுபனியும் புளிப்பேறிய மண்ணும் அதற்கு வேண்டும். சத்துக் குறைந்த அம்மண்ணில், வேரோடு கூடி வாழும் நுண்ணிய பூஞ்சை இழைகளே அதற்கு உணவு தேடித் தருகின்றன.

பறித்த இலையை அப்படியே முகர்ந்தால் வாசனை பெரிதாகத் தெரியாது. மெதில் சாலிசிலேட் என்னும் மணப்பொருள் சர்க்கரையோடு பிணைக்கப்பட்டு இலைக்குள் அடங்கியிருக்க, அப்பிணைப்பை அறுக்கும் நொதி அதே இலையில் வேறாக இருக்கிறது. பூச்சி கடித்தோ, விரல் கசக்கியோ இலை சிதைந்தபோது இரண்டும் கலந்து, மணம் குபீரென்று எழுகிறது. தைலம் இறக்குவோர் முதலில் இலையை நீரில் ஊறவைப்பதன் காரணமும் இதுவே. அத்தைலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் மெதில் சாலிசிலேட்தான். இது ஆஸ்பிரினுக்கு நெருங்கிய உறவு. ஆகையால் மேலே தேய்த்துக்கொள்ளத் தகுமேயன்றி, ஒரு தேக்கரண்டி உட்சென்றாலும் குழந்தையின் உயிருக்கு ஆபத்து என்பதைத் தைலப் புட்டி வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டாரும் அறிந்திருத்தல் அவசியம்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், உதகையில் சின்கோனாப் பட்டையை ஆராய்ந்துகொண்டிருந்த பிரௌட்டன் என்னும் ரசாயன நிபுணர், இத்தைலத்திலிருந்து கிருமிநாசினியான கார்பாலிக் அமிலம் செய்யலாமென்று எடுத்துக்காட்டினார். பின்னர் தொழிற்சாலைகளே மெதில் சாலிசிலேட்டை மலிவாகச் செய்யத் தொடங்கியதால், இன்று வலி மருந்துகளில் இருப்பது பெரும்பாலும் இலை காணாத சரக்கே.

செடிக்கு இன்றுள்ள கவலை வேறு. வாட்டில், யூகலிப்டஸ், பைன் ஆகிய அந்நிய மரங்கள் மேட்டுநிலத்தில் பரந்து நடப்பட்டதால், சோலையும் புல்வெளியும் சந்திக்கிற விளிம்புகள் சுருங்கிப் போயின. அவ்விளிம்புகளே இச்செடிக்கு உகந்த இடம். மலையேறும் அன்பர்கள் அதனைக் கண்டால் நின்று பார்த்துச் செல்லுங்கள்; வேரோடு பிடுங்கிவந்து சமவெளித் தொட்டியில் நட முயல வேண்டாம்.