குறுஞ்செய்தி நுழைவாயிலின் வேக வரம்பு

குறுஞ்செய்தி நுழைவாயிலின் வேக வரம்பு என்பது, ஒரு நிறுவனத்தின் கணினியிலிருந்து செல்பேசி வலையமைப்புக்கு ஒரு நொடியில் எத்தனை குறுஞ்செய்திகளை அனுப்பலாம் என்பதை வரையறுக்கும் அமைவு ஆகும். வங்கியின் ஓடிபி, பள்ளியின் விடுமுறை அறிவிப்பு, மின்கட்டண நினைவூட்டல் போன்றவை இத்தகைய நுழைவாயில்கள் வழியாகவே செல்கின்றன.

தேவை

நுழைவாயிலும் வலையமைப்பின் குறுஞ்செய்தி மையமும் பெரும்பாலும் எஸ்எம்பிபி என்னும் நெறிமுறையில் பேசிக்கொள்கின்றன. மையம் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு வேகத்தை ஒதுக்குகிறது. அதை மீறினால் செய்தியை ஏற்காமல், பதினறும எண் 58 என்ற பிழைக்குறியைத் திருப்பி அனுப்பும். அப்போது நுழைவாயில் சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்ப வேண்டும். பொறுக்காமல் உடனுக்குடன் அனுப்பினால் நெரிசல் கூடுமே தவிரக் குறையாது.

கணக்கிடும் முறை

ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட்டுகள். ஆங்கில எழுத்துகள் 7 பிட் குறியீட்டில் 160 வரை அடங்கும். தமிழுக்குப் பரவலாகப் பயன்படும் யூசிஎஸ்-2 குறியீட்டில் 70 இடங்களே உண்டு. புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனி இடம் பிடிப்பதால், ஐந்து எழுத்துள்ள 'வணக்கம்' ஏழு இடங்களை எடுத்துக்கொள்ளும். செய்தி 70 இடங்களைத் தாண்டினால் அது பகுதிகளாகப் பிரிக்கப்படும். பகுதிகளை இணைக்கும் தலைப்புக் குறிப்புக்கும் இடம் தேவைப்படுவதால், ஒரு பகுதிக்கு 67 இடங்களே மிஞ்சும்.

வேக வரம்பு இந்தப் பகுதிகளையே எண்ணுகிறது. நொடிக்கு 50 என்ற வரம்பில், ஒரே பகுதியில் அடங்கும் 30,000 செய்திகள் 10 நிமிடங்களில் சென்றுவிடும். ஒவ்வொரு செய்தியும் 150 இடங்கள் கொண்ட தமிழ்ச் செய்தியானால் மூன்று பகுதிகள் வீதம் 90,000 ஆகிவிடும். அதற்கு 30 நிமிடங்கள் வேண்டும். அதே வரிசையின் கடைசியில் நிற்கும் ஓடிபி, காலாவதியான பிறகே உரியவரைச் சென்றடையும்.

அமைக்கும் முறை

கன்னெல் என்ற திறந்த மூல நுழைவாயில் மென்பொருளில், ஒவ்வொரு மைய இணைப்புக்கும் 'துரூபுட்' என்ற வரியில் நொடிக்கான எண்ணிக்கை எழுதப்படுகிறது. ஒப்பந்த வரம்பு 50 என்றால், அதைவிடச் சற்றுக் குறைவாக 45 என வைப்பது பாதுகாப்பானது. ஒரே கணக்கில் இரண்டு இணைப்புகள் இருந்தால் அந்த எண்ணை இரண்டுக்கும் பகிர்ந்தளிக்க வேண்டும்.

பதில் வருவதற்கு முன் எத்தனை செய்திகளை அனுப்பி வைக்கலாம் என்ற மற்றொரு வரம்பும் உண்டு. இது சாளர அளவு எனப்படும். சாளரம் 10 ஆகவும், மையத்தின் பதில் வர அரை நொடி ஆகவும் இருந்தால், நொடிக்கு 20 செய்திகளுக்கு மேல் போகாது. அந்நிலையில் வேக வரம்பை உயர்த்துவதால் பயனில்லை. சாளரத்தைப் பெரிதாக்க வேண்டும். அதற்கும் மையத்தின் ஒப்புதல் தேவை.

முன்னுரிமை

ஒதுக்கப்பட்ட வேகம் முழுவதையும் மொத்த அறிவிப்புகளுக்கே கொடுத்துவிடக் கூடாது. எடுத்துக்காட்டாக, 50-இல் 35-ஐ அறிவிப்புகளுக்கும் 15-ஐ அவசரச் செய்திகளுக்கும் தனி இணைப்புகளில் ஒதுக்கலாம். ஓடிபிக்குச் செல்லுபடிக் காலத்தையும் குறித்து அனுப்பினால், காலாவதியான செய்தி நீக்கப்பட்டு, வீணான போக்குவரத்து குறையும்.

சரிபார்த்தல்

அமைத்தபின் மூன்றைக் கவனிக்க வேண்டும்: வரிசையில் காத்திருக்கும் செய்திகளின் எண்ணிக்கை, வரம்பு மீறல் பிழைகளின் எண்ணிக்கை, ஓடிபி புறப்பட எடுத்துக்கொள்ளும் நேரம். பிழைகள் மிகுந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். பிழையே இல்லாமல் வரிசை மட்டும் நீண்டால் வரம்போ சாளரமோ சிறிதாக இருக்கிறது என்று பொருள். சோதனைக்கு ஆங்கிலச் செய்தியோடு நீண்ட தமிழ்ச் செய்தியையும் அனுப்பிப் பார்த்தால்தான் உண்மையான வேகம் தெரியவரும்.