முறைக்காய்ச்சலும் ஒரு நொதியமும்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலாய கரையோர ஊர்களின் வேளாண் மக்கள் கடலுக்கு அணித்தாய்க் குடியிருந்து, மேற்கேயுள்ள வட்டைகளிற் பயிர் செய்பவராவர். விதைப்புக்கும் காவலுக்கும் வெட்டுக்குமாக வாடியமைத்து அங்கே தங்கிய காலங்களில் அவர்களைப் பற்றிய நோய்களுள் தலையாயது முறைக்காய்ச்சல் எனப்படும் மலேரியா. ஆறுகள் வற்றுங்காற் குழிகளில் தேங்கும் நீரிற் பெருகும் ஒருவகை அனோபிலிசு நுளம்பே அதனைப் பரப்பியது. கொயினாவின் கசப்பை அறியாத முதியோர் அந்நாளில் அரியர்.

இந்நோயின் வரலாறு விழிப்பூட்டுவதொன்று. 1963இல் இலங்கை முழுவதிலும் 17 நோயாளரே காணப்பட்டனர். வென்றுவிட்டோம் என்றெண்ணி மருந்து தெளித்தலை நிறுத்தினர். 1969இல் நோயுற்றோர் தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. பின்னர் நெடிதுழைத்த பயனாக, 2012 ஒக்டோபருடன் உள்நாட்டுத் தொற்று ஓய்ந்தது. 2016 செத்தெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கிற்று. ஆயினும் 2018 திசெம்பரில், அம்பாறைக்கு அண்டை மாவட்டமாகிய மொனறாகலையில், வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளி ஒருவரிடமிருந்து நுளம்பின் வழியே மற்றொருவருக்கு நோய் தொற்றியது. நோய் போயிற்று, நுளம்பு போகவில்லை. எனவே காய்ச்சலுடன் வருபவரின் குருதியில் ஒட்டுண்ணி உளதா என்பதை விரைந்தறிதல் இன்றியமையாததாகின்றது. இவ்விடத்திலேதான் ஒரு புரதம் துணைக்கு வருகின்றது.

அதன் பெயர் லாக்டேற் டீஐதரசனேசு. பெயர் நாவுக்கு வருத்தந் தருவது, தொழிலோ எளிது. செங்குழியத்தினுள் வாழும் மலேரியா ஒட்டுண்ணி பெரும்பாலும் குளுக்கோசைப் பாதியளவில் உடைத்தே ஆற்றல் பெறுகின்றது. நோயற்ற செங்குழியம் செலவிடும் குளுக்கோசிலும் பன்மடங்கு, சில கணிப்புகளின்படி நூறு மடங்குவரை, அது செலவிடும். அவ்வுடைப்பின் ஈற்றில் உண்டாகும் பைருவிக்கமிலத்தை இலற்றிக்கமிலமாக மாற்றுவது இந்நொதியமே. அம்மாற்றத்தின்போது, உடைப்பின் முற்படிக்கு வேண்டிய துணைப்பொருளும் புதுக்கப்படுகின்றது. அது புதுக்கப்படாதொழியின் உடைப்பு முழுவதும் நின்றுபோம். ஒட்டுண்ணி ஆற்றலின்றி மடியும்.

மனிதருடைய தசையிலும் குருதியிலும் இதே தொழிலைச் செய்யும் நொதியம் உண்டு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஒட்டுண்ணியின் நொதியத்திலே, வினைப்பொருளைப் பற்றும் வளைவில் ஐந்து அமினோவமிலங்கள் மிகையாக உள. இத்தகைய வேறுபாடுகளாற்றான் ஒட்டுண்ணியின் நொதியத்தை மாத்திரம் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரிகளைப் பெறுதல் இயலுகின்றது. அவற்றைத் தாளிற் பதித்து விரற்குருதி ஒருதுளி இட்டால், நோயுளதாயிற் கால் மணி நேர அளவிற் கோடொன்று தோன்றும்.

நோய்காட்டியாகப் பயன்படும் வேறொரு புரதமும் உண்டு. அது இசுத்திடீன் செறிந்த புரதம். பல்சிப்பாரம் என்னும் இனத்துக்கே உரியது. இலங்கையிற் பெரிதும் நிலவியதோ வைவாக்சு என்னும் இனம். மேலும், நோய் குணமாகி வாரங்கள் சென்ற பின்னும் அப்புரதம் குருதியில் எஞ்சி நின்று மருத்துவரை மயக்கும். அதற்குரிய பரம்பரையலகையே இழந்த ஒட்டுண்ணிகள் பெரு நாட்டில் உளவென்பதும் 2010இல் வெளிப்பட்டது. நமது நொதியமோ உயிருள்ள ஒட்டுண்ணியாலேயே ஆக்கப்படுவது. ஒட்டுண்ணி மடிய விரைவில் மறையும். ஆதலால் கொடுத்த மருந்து வேலை செய்கின்றதா என்பதையும் அது காட்டவல்லது. ஒட்டுண்ணி மிகச் சிலவாயின் தாட்சோதனை பிழைக்கும்; நுணுக்குக்காட்டியை ஒதுக்கிவிடுதல் தகாது.

நோய்காட்டியாக வென்ற இப்புரதம் மருந்தின் இலக்காகவும் வெல்லுமா? இங்கே உற்சாகத்தை அடக்கிக்கொள்ளல் நன்று. பருத்தி விதையிலுள்ள கொசிப்போல் என்னும் பொருள் இந்நொதியத்தைத் தடுக்குமென ஆய்வுகூடங்களிற் கண்டனர். ஆனால் அது மனித நொதியத்தையும் விடுவதில்லை. சீனத்தில் ஆண்களுக்குரிய கருத்தடை மருந்தாக அதனைச் சோதித்தபோது, சிலரில் மலட்டுத்தன்மை மீளாமையும் குருதியிற் பொற்றாசியம் குறைதலும் காணப்பட்டன. அதன் வழிப்பொருள்களும், மிகையமிலங்களாலான அவ்வளைவின் அயலிற் பொருந்தும் வேறு சிறு மூலக்கூறுகளும் பின்னர் ஆராயப்பட்டன. குளோரோகுவினும் இந்நொதியத்தைச் சிறிதளவு பற்றுமெனினும், அதன் கொல்லுந் திறன் வேறு வழியது.

இடர் இன்னுமொன்று உளது. இந்நொதியம் ஒட்டுண்ணியில் மிகுதியாக உள்ளது. சிறிதளவே தடுத்தால் எஞ்சியது வேலையை நடத்திச் செல்லும். ஏறக்குறைய முற்றாகத் தடுக்கும் மருந்து வேண்டும், அதுவும் மனித நொதியத்தைத் தீண்டாததாக. அத்தகைய மருந்தொன்றும் இதுகாறும் வழக்கிற்கு வரவில்லை. அன்றியும் வைவாக்சு ஒட்டுண்ணி ஈரலிலே மாதக்கணக்கில் உறங்கிக்கிடந்து மீள எழுவது. உறங்குங்காலத்து அது குருதியில் இராதாகையாற் சோதனைத் தாளிற் கோடும் தோன்றாது. அவ்வுறக்க நிலையை அழிக்க வழங்கப்படுவது பிறிமாகுவின். அதனைக் கொடுக்குமுன் நோயாளியின் செங்குழியத்திலுள்ள வேறொரு நொதியம் குறைவின்றி உளதா எனப் பார்த்தல் வேண்டும்.