மடிப்பிலிருந்து தொடங்குங்கள்

தகட்டு வேலைப் பட்டறை தொடங்க நினைப்பவர்களில் பலர் முதலில் விலை விசாரிப்பது லேசர் கட்டிங் மிஷினைத்தான். பொறி பறக்க, மயிரிழை பிசகாமல் அது இரும்பை வெட்டுவதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் வெட்டி முடித்த பிறகும் தகடு தகடாகவே கிடக்கிறது. அதைப் பெட்டியாக, கதவாக மாற்றுவது மடிப்பு. அதனால் பட்டறைக்கான கணக்கை பெண்டிங் மிஷினிலிருந்து தொடங்குங்கள் என்பேன்.

பிரஸ் பிரேக் என்னும் அந்த மிஷினில் கீழே ‘வி’ வடிவப் பள்ளத்தோடு ஒரு டை. மேலே கத்திபோல ஒரு பஞ்ச். பஞ்ச் இறங்கி அழுத்தும்போது மடிப்பின் வெளிப்பக்கம் இழுபடும், உட்பக்கம் நெருக்குண்ணும். இந்த இரண்டையும் செய்யத் தேவையான விசைதான் மிஷினின் ‘டன்’.

பள்ளத்தின் வாய் அகலம், தகட்டின் கனத்தைப்போல 8 மடங்கு இருப்பது வழக்கம். அப்படி வைத்தால், சாதாரண இரும்புத் தகட்டில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு, மடிப்பின் நீளத்தில் மீட்டருக்குச் சுமார் 8 டன் தேவை. மின்சார பேனல் பெட்டி செய்யப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 2 மி.மீ. தகட்டில் 2 மீட்டர் உயரக் கதவுக்கு 32 டன். 3 மி.மீ. தகட்டில் 2.5 மீட்டர் மடிப்புக்கு 60 டன். அதையே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கேட்டால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு: 90 டன். ஆக, 100 டன் மிஷின். உங்களுக்கு வரக்கூடிய ஆர்டர்களிலேயே கனமான, நீளமான, கடினமான மடிப்பு எதுவோ, அதுதான் அளவுகோல்.

இன்னொரு குணமும் உண்டு. ஒரு ஸ்டீல் ஸ்கேலை லேசாக வளைத்து விட்டுப் பாருங்கள், நிமிர்ந்துவிடும். மடித்த தகடும் அப்படித்தான் கொஞ்சம் நிமிரும். 90 டிகிரி வேண்டுமானால் ஓரிரு டிகிரி கூடுதலாக மடிக்க வேண்டும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இன்னும் அதிகம் நிமிரும். லாட்டுக்கு லாட் இந்த அளவு மாறும். அதனால்தான் அனுபவமுள்ள ஆபரேட்டர் முதல் பீஸில் மூலமட்டத்தை வைத்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, இடுக்கில் ஒளிக்கீற்று தெரிகிறதா என்று பார்க்கிறார். தெரிந்தால் திருத்தி, மறுபடி மடிக்கிறார். இந்தத் திருத்தம் உங்கள் கண்ணெதிரே நடக்க வேண்டும்.

கட்டிங்கை ஜாப் ஒர்க்குக்குக் கொடுக்கலாம். வெட்டிய துண்டுகளைத் தட்டையாக அடுக்கிச் சின்ன வண்டியிலேயே கொண்டுவந்துவிடலாம். மடித்த பெட்டிகள் வண்டியை அடைத்துக்கொள்ளும். வழியில் மூலை நசுங்கும். வேலை பெருகி, ஜாப் ஒர்க் கூலியே லேசர் மிஷினுக்கான மாதத் தவணையைத் தொடும் நாளில் அதை வாங்குங்கள்.

8-க்கு 4 அடி, 2 மி.மீ. இரும்புத் தகடு ஒன்றின் எடை சுமார் 47 கிலோ. அதைத் தூக்க, திருப்ப மிஷினைச் சுற்றி இடம் விடுங்கள். மடிக்கும்போது தகடு மேலெழும். அதைத் தாங்கும் கைகள் பஞ்சுக்குப் பக்கத்திலேயே இருக்கும். விரல் குறுக்கே வந்தால் மிஷினை நிறுத்தும் ஒளித்திரைக் காவலும் கொட்டேஷனில் இருக்கட்டும். பேரம் பேசும்போது அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடாதீர்கள்.