பசு யாருடையது?

நமது தோட்டங்களில் பிணக்குகள் நீதிமன்றம் வரை போவது குறைவு. லயத்தில் எழும் சண்டையைத் தலைவர் பேசி முடிப்பார். அவரால் முடியாவிட்டால் கோயில் கமிட்டி கூடும். அதற்கும் அப்பால் போனால் பொலிஸ். இவ்வழக்கத்தில் நன்மை உண்டு. பணச் செலவில்லை, அடுத்த காம்பராவில் வாழ்பவரோடு தீராப் பகையும் இல்லை. ஆனால் பிணக்கில் ஒரு தரப்பினர் அங்கவீனமுற்றவராக இருக்கும்போது நடப்பது என்ன?

ஒரு நிலைமையை எண்ணிப் பார்ப்போம். ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறவியிலேயே காது கேளாத, வாய் பேசாத ஒரு பெண். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்பவள் அல்லள். தகப்பன் இறந்தபின் அண்ணன் குடும்பத்தோடு ஒரே காம்பராவில் இருக்கிறாள். தகப்பன் விட்டுப்போன பசுவுக்குப் புல் அறுத்து, தண்ணீர் காட்டி, பால் கறப்பவள் அவளே. பால் கணக்கோ அண்ணனின் பெயரில். ஒருநாள் அண்ணன் பசுவை விற்றுவிடுகிறான். அவள் தலைவர் வீட்டு வாசலில் நின்று அழுகிறாள்.

கூட்டம் கூடுகிறது. அண்ணன் பேசுகிறான், அண்ணி பேசுகிறாள், அயலவர் பேசுகிறார்கள். "சோறு போடுபவன் அவன்தானே, அவனே பார்த்துக்கொள்ளட்டும்" என்று முடிவு சொல்லி எல்லோரும் எழுந்து போகிறார்கள். அவளிடம் எவரும் எதையும் கேட்கவில்லை.

அக்கூட்டத்தில் இருந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவள் பட்டினி கிடக்கக் கூடாது என்றே நினைத்தார்கள். ஆனால் அவள் கேட்க வந்தது தன் உழைப்பின் பங்கை.

மத்தியஸ்த சபை

இத்தகைய பிணக்குக்குச் செல்ல வேறோர் இடமும் உண்டு. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபைகள் 1990 முதல் நாட்டில் இயங்கி வருகின்றன. பயிற்சி பெற்ற தொண்டர்களே இங்கு மத்தியஸ்தர்கள். இரு தரப்பினரும் ஆளுக்கொரு மத்தியஸ்தரைத் தெரிவு செய்யலாம். அவ்விருவரும் மூன்றாமவரைத் தெரிவார்கள். சட்டத்தரணிகள் வாதாட முடியாது. மத்தியஸ்தர்கள் தீர்ப்புக் கூறுவதில்லை. இரு தரப்பினரும் தாமே உடன்பாட்டுக்கு வர உதவுகிறார்கள். இணக்கம் ஏற்பட்டால் அது எழுத்தில் பதியப்படும். ஏற்படாவிட்டால் அதற்கான சான்றிதழ் பெற்று நீதிமன்றம் செல்லலாம். பெரும்பாலும் வார இறுதியில் கூடுவதால் ஒருநாள் சம்பளமும் போகாது.

தன் பக்கத்து மத்தியஸ்தரைத் தானே தெரிவு செய்யும் உரிமை, வாசலில் நின்று அழுத அந்தப் பெண்ணுக்கும் உண்டு. ஆனால் அவள் சொல்வதைச் சபை விளங்கிக்கொள்ளாவிட்டால் அங்கும் தோட்டக் கூட்டத்தின் கதைதான். ஆகவே மூன்று காரியங்களில் நாம் கவனமாயிருக்க வேண்டும்.

முதலாவது, பேச்சு. வீட்டில் பழகிய சைகைகளை அறிந்த ஒருவர் உடனிருக்க வேண்டும். அவர் அண்ணனாகவோ அண்ணியாகவோ இருக்கக் கூடாது, அவர்கள் எதிர்த்தரப்பினர். சிறுவயதுத் தோழியோ, ஒன்றாகப் புல் அறுக்கும் அயல்வீட்டுப் பெண்ணோ போதும்.

இரண்டாவது, இடம். நடக்க முடியாதவருக்கு நம் மலைப்பாதையும் படிக்கட்டும் பெருந்தடை. அவர் வரக்கூடிய இடத்தில் அமரும்படி முன்கூட்டியே கேட்கலாம்.

மூன்றாவது, சம்மதம். கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ வாங்குமுன், என்ன முடிவாயிற்று என்பதை அவரே தம் வழியில் திருப்பிச் சொல்லட்டும். புத்தி மந்தமானவர் என்று நாம் ஒதுக்குபவரும், அவசரப்படுத்தாமல் சிறிது சிறிதாக விளக்கினால் தம் விருப்பத்தைச் சொல்ல வல்லவரே.

பேசி முடிக்கக் கூடாதவை

எல்லாவற்றையும் சமாதானமாக முடிப்பதும் நீதியாகாது. அடி உதையும் பாலியல் கொடுமையும் பொலிசில் முறையிட வேண்டியவை. "குடும்ப மானம்" என்று மூடி மறைப்பது குற்றவாளிக்கே உதவும். வேலையில் ஏற்பட்ட விபத்தால் கையோ கண்ணோ இழந்தவருக்கு 1934 ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுச் சட்டம் உண்டு. நிரந்தரமாக வேலை செய்ய இயலாமற் போனவர், ஓய்வு வயது வருமுன்னரே ஊழியர் சேமலாப நிதியைக் கோரலாம். அதுபற்றிய முறைப்பாட்டைத் தொழில் திணைக்களத்திடம் கொடுக்கலாம். அங்கவீனத்தைக் காரணங்காட்டி வேலைக்கோ பாடசாலைக்கோ எடுக்க மறுத்தால், 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டப்படி மாகாண மேல் நீதிமன்றத்தை நாடலாம். இவை இரக்கத்தால் கிடைப்பவை அல்ல. அங்கவீனமுற்றோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியுள்ளது.

நாம் செய்யக்கூடியது

நமது மாதர் சங்கங்களும் இளைஞர் குழுக்களும் ஒரு சிறு காரியத்தைத் தொடங்கலாம். லயத்துக்கு லயம் சென்று, அங்கவீனமுற்றவர் இருக்கும் வீடுகளை அறிந்து, அவர் பெயரில் என்ன இருக்கிறது, அவர் உழைப்பின் பயன் யாரிடம் போகிறது என்று அவரிடமே கேட்போம். பிணக்கு இருந்தால் மத்தியஸ்த சபைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, உடன் செல்வோம்.

அண்ணனும் தங்கையும் நாளையும் ஒரே கூரையின் கீழ்தான் வாழப் போகிறார்கள். பசு விற்ற பணத்தில் பாதியோ, ஒரு கன்றுக்குட்டியோ, தன் பெயரில் ஒரு வங்கிப் புத்தகமோ, அவள் எதைக் கேட்பாள் என்று நமக்குத் தெரியாது. அடுத்த கூட்டத்தில் முதலில் அவளைக் கேட்போம்.