லயத்துக் கீரையும் மருந்தடித்த கீரையும்



ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பங்சார் சந்தைக்குப் போயிருந்தோம். கீரை விற்கும் இடத்தில் ஒரு பாட்டி சிவப்புத் தண்டுக்கீரைக் கட்டு ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். விலையைக் கேட்டதும் திரும்ப வைத்துவிட்டு நம்மைப் பார்த்து, "என்னா தம்பி, இதுக்குப் போயி காசா? எங்க லயத்துப் பின்னால சும்மா மொளைச்சுக் கெடக்கும். ரெண்டு கை ஒடிச்சா ஒரு சட்டி கீரை!" என்றார்.

பாட்டி சொன்னது உண்மைதான். பங்சாரே ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். பங்கே, கிரிசார் என்ற ஐரோப்பிய ரப்பர் முதலாளிகளின் பெயர்களைச் சேர்த்தே அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். நம்மவர்கள் பால் வெட்டிய அந்த மேட்டில் 1960களின் கடைசியிலிருந்து வரிசை வரிசையாக வீடுகள் எழும்பின. மரம் போயிற்று, லயம் போயிற்று. கீரை மட்டும் போகவில்லை. வேலி ஓரத்திலும் சாக்கடை ஓரத்திலும் அது இன்றைக்கும் தலைநீட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

கீரையின் குடும்பம் பெரிய குடும்பம். தாவர நூலார் அதற்கு 'அமராந்த்' குடும்பம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கிரேக்க மொழியில் அதற்கு 'வாடாதது' என்று பொருள். நாம் மாலை கட்டும் வாடாமல்லியும் இந்தக் குடும்பம்தான்! கோழிக்கொண்டைப் பூ, தமிழ்நாட்டில் பொங்கலுக்குக் காப்புக் கட்டும் பூளைப்பூ, நடந்துபோனால் துணியில் ஒட்டிக்கொள்ளும் நாயுருவி, பொன்னாங்கண்ணி எல்லாம் ஒன்றுக்கொன்று பங்காளிகள். பீட்ரூட்டையும் இப்போது இதிலேதான் சேர்த்திருக்கிறார்கள்.

மலாய்க்காரர்கள் பாயாம் என்று சொல்லும் கீரைகளில் நாம் விதைத்து வளர்ப்பவை முளைக்கீரை, தண்டுக்கீரை, அரைக்கீரை. தானாக முளைப்பவற்றில் முக்கியமானவை இரண்டு. குப்பைக்கீரைக்கு முள் கிடையாது. குப்பைமேட்டிலும் மாட்டுக் கொட்டகை ஓரத்திலும் செழிப்பாக வரும். முள்ளுக்கீரைக்கு இலைக் காம்பு தண்டில் சேருமிடத்தில் இரட்டை முள் இருக்கும். மலாயில் அதற்கு பாயாம் டூரி என்று பெயர். முள் முற்றுமுன் அதன் இளங்கொழுந்தைப் பறித்துச் சமைக்கலாம்.

பச்சையாக இருந்தால் போதுமா?

இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினோம். ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போயிருந்தபோது, வேலை முடிந்து வந்த ஓர் அம்மா மடி நிறையக் கீரை கொண்டுவந்தார்.

"எங்கேம்மா பறிச்சீங்க?"

"நெரை ஓரத்துலதாங்க."

"அங்கே மருந்து அடிக்கலையா?"

"முந்தாநாளு அடிச்சாங்க. ஆனா கீரை கருகலைங்களே, பச்சையாத்தானே இருக்கு!"

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. முன்பு அடித்த பாராகுவாட் மருந்து பட்ட இலை ஓரிரு நாளில் கருகிவிடும். அது கொடிய நஞ்சு. 2002இல் அதைத் தடுக்க அரசு முடிவெடுத்தது. 2006இல் அந்தத் தடை தளர்ந்தது. கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முற்றாகத் தடை செய்யப்பட்டது. ஆனால் களைக்கொல்லி மருந்தே இல்லாமல் போய்விடவில்லை. கிளைபோசேட் போன்ற மருந்துகள் இலை வழியாக உள்ளே இறங்கி, வேர்வரை போய், மெதுவாகச் செடியைக் கொல்லும். மருந்து பட்டும் செடி நாலைந்து நாள் பச்சையாகவே நிற்கும். உள்ளே இறங்கிய மருந்து கழுவினால் போகாது, வேகவைத்தாலும் போகாது.

ஆகவே தாய்மார்களே, காட்டு நிரையிலும் ரோட்டோரத்திலும் கீரை பறிக்காதீர்கள். மருந்து அடித்த இடம் எது என்று மண்டோரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. மருந்து வந்த காலி டப்பாவை என்னதான் கழுவினாலும் அதில் தண்ணீர் பிடித்துக் கொல்லைக்கு ஊற்றாதீர்கள். மருந்து அடித்துவிட்டு வந்தவர்கள் குளித்து உடை மாற்றிய பிறகே பிள்ளையையும் சட்டியையும் தொடவேண்டும்.

காட்டுக் கீரை வேண்டாம் என்றால் கீரையே வேண்டாம் என்று அர்த்தமல்ல. கொல்லையில் ஒரு பாய் அகலம் இடம் இருந்தால் போதும். கீரை விதை கடுகைவிடச் சிறியது. ஒரு பங்கு விதைக்கு நாலைந்து பங்கு மணல் கலந்து தூவினால் சீராக விழும். கொஞ்சம் ரவையும் கலந்துவிட்டால் எறும்பு விதையை விட்டுவிட்டு அதை இழுத்துக்கொண்டு போகும். ஒரு மாதத்துக்குள் முளைக்கீரை பிடுங்கலாம். நாலு செடியை முற்றவிட்டால் அடுத்த விதைப்புக்குக் கடைக்குப் போகவேண்டாம்.

கீரையில் இரும்புச் சத்து உண்டு. ஆனாலும் அது உடம்பில் சேர வழி செய்யவேண்டும். கடைசலில் தக்காளி சேருங்கள், அல்லது எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் அந்தச் சத்து சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் பொறுங்கள். இரத்தசோகை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் கீரையை நம்பி கிளினிக் மாத்திரையை நிறுத்தக்கூடாது. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுச் சாப்பிடுவது நல்லது.

மறுபடியும் பங்சாருக்கு வருவோம். அங்கே மேட்டில், மின்கம்பிக் கோபுரங்களுக்கு அடியில், கெபுன்-கெபுன் பங்சார் என்று ஒரு கூட்டுத் தோட்டம் இருக்கிறது. 2017 வாக்கில் தொடங்கியது. பட்டணத்துக்காரர்கள் விடுமுறை நாளில் வந்து மண்வெட்டி பிடித்துக் காய்கறி போடுகிறார்கள். நம் பாட்டிமார் லயத்துப் பின்னால் யாரும் சொல்லித்தராமலே செய்த வேலையை இன்று அவர்கள் தேடிப்போய்க் கற்றுக்கொள்கிறார்கள்!

நமக்குக் கை இருக்கிறது, பழக்கம் இருக்கிறது. கொல்லை இருக்கும்போதே விதையைத் தூவுங்கள். யார் அடித்த மருந்தோ என்ற பயமில்லாமல் உங்கள் பிள்ளைகள் ஒரு பிடி கீரை சாப்பிடட்டும்.