ஆண்டர்சனின் .405 துப்பாக்கிக்கு எந்த ஸ்கோப் பொருந்தும்?

கென்னத் ஆண்டர்சனின் வேட்டைக் கதைகளைப் படித்தவர்களுக்கு இரண்டு பெயர்கள் மறக்காது. ஒன்று ஜவளகிரி. இன்னொன்று .405 வின்செஸ்டர். முதலாவது ஊர். அன்றைய சேலம் மாவட்டம், இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம். இரண்டாவது அவர் கையில் இருந்த துப்பாக்கி. 1954-ல் வந்த அவருடைய முதல் புத்தகத்திலிருந்தே அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஜவளகிரிக் காடுகளில் இந்தத் துப்பாக்கியோடு அவர் அலைவதைப் பார்க்கலாம்.

அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் பலர் இங்கிலாந்தில் செய்த போல்ட் துப்பாக்கியோ இரட்டைக்குழலோ வைத்திருந்தார்கள். ஜிம் கார்பெட்டிடம் ரிக்பி இருந்தது. ஆண்டர்சன் வைத்திருந்ததோ அமெரிக்கத் தயாரிப்பான லீவர் துப்பாக்கி, 1895 மாடல். கௌபாய் படங்களில் விசைக்குக் கீழே இருக்கும் வளையத்தைக் கீழே தள்ளி இழுத்து, படபடவென்று சுடுவார்களே, அந்த வகை.

இப்படி ஒரு பழைய லீவர் துப்பாக்கிக்கு ஸ்கோப் மாட்டணும்னா எதை மாட்டுவது? கேள்வி சின்னதுதான். ஆனா உள்ளே போனா ஒளியியல், இயந்திரவியல், நம்ம ஊர் மழைக்காலம், சட்டம் எல்லாம் வந்து நிற்கிறது. வலையபட்டியில் உட்கார்ந்து இதை எழுதுகிற என்னிடம் துப்பாக்கியும் இல்லை, உரிமமும் இல்லை. இருப்பது புத்தகமும் கால்குலேட்டரும்தான். தாத்தா வைத்துப்போன லீவர் துப்பாக்கி உரிமத்தோடு வீட்டில் இருப்பவர்களுக்கும், அமெரிக்கா, கனடா போய் சட்டப்படி மான் வேட்டைக்குப் போகும் நம்மவர்களுக்கும் இது நேரடியாகவே உதவும். மற்றவர்கள் ஒரு சுவாரசியமான பொறியியல் கணக்காக எடுத்துக்கொள்ளலாம்.

துப்பாக்கியைத் தெரிந்துகொள்வோம்

1895 மாடலை வடிவமைத்தவர் ஜான் மோசஸ் பிரௌனிங். அதற்கு முந்தைய லீவர் துப்பாக்கிகளில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் இன்னொரு குழாயில் வரிசையாகப் படுத்திருக்கும். ஒன்றின் மூக்கு அடுத்ததன் பின்பக்கத்து வெடிமூடியில் முட்டிக்கொண்டிருக்கும். அதனால் கூர்மூக்குக் குண்டு போட முடியாது. அதிர்ச்சியில் முன்னால் இருப்பது வெடித்துவிடும் ஆபத்து உண்டு. பிரௌனிங் இதில் பெட்டி வடிவ மேகசின் வைத்தார். அதனால் பெரிய, வலுவான தோட்டாக்களைப் பயன்படுத்த முடிந்தது.

.405 தோட்டா 1904-ல் வந்தது. குண்டின் எடை 300 கிரெயின், அதாவது சுமார் 19.4 கிராம். வேகம் நொடிக்குச் சுமார் 2,200 அடி, அதாவது 670 மீட்டர். 1909-ல் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போன தியோடர் ரூஸ்வெல்ட் கொண்டுபோனதும் இந்த .405 தான். குண்டு கனமானது, மூக்கு மொட்டையானது. கிட்டத்தில் இடி மாதிரி அடிக்கும், தூரம் போகப்போக வேகமாக விழுந்துவிடும். 100 கஜத்தில் சரியாகப் படும்படி குறி அமைத்தால், 200 கஜத்தில் சுமார் 8 அல்லது 9 அங்குலம் கீழே படும். ஆக, இது 150 கஜத்துக்குள் வேலை செய்யும் துப்பாக்கி. இதை மனதில் வைத்தாலே பாதித் தேர்வு முடிந்த மாதிரி.

ஸ்கோப் எதற்கு?

சாதாரணத் துப்பாக்கியில் குறி பார்க்கும்போது கண் மூன்று பொருள்களை ஒரே கோட்டில் கொண்டுவர வேண்டும்: கிட்டே இருக்கும் பின்குறி, குழல் நுனியில் இருக்கும் முன்குறி, தூரத்தில் இருக்கும் இலக்கு. கண்ணால் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்க முடியும். இருபது வயதில் கண் சட்சட்டென்று மாறி மாறிச் சமாளித்துவிடும். நாற்பது தாண்டி, செல்போனைக் கையை நீட்டிப் படிக்கிறவர்களுக்கு அது முடியாது. பின்குறி மங்கலாகிவிடும்.

ஸ்கோப் இந்தச் சிக்கலை ஒரேயடியாகத் தீர்க்கிறது. குறுக்குக் கம்பியும் இலக்கும் ஒரே தளத்தில் தெரியும். பெரிதாகக் காட்டுவது இரண்டாவது பலன்தான்.

இதற்கு இன்னொரு மலிவான தீர்வும் உண்டு: துளைக்குறி. சின்னத் துளை வழியே பார்த்தால் கிட்டவும் எட்டவும் ஓரளவு தெளிவாகத் தெரியும். ஊசித்துளைக் கேமரா செய்து பார்த்த பள்ளிப் பிள்ளைகளுக்கு இது தெரியும். லைமன் நிறுவனம் 21 என்ற எண்ணில் பக்கவாட்டில் பொருத்தும் துளைக்குறி ஒன்றை இந்த 1895 மாடலுக்கே செய்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

முதல் தடை: மேலே பறக்கும் கூடு

1895 மாடலில் சுட்ட தோட்டாவின் காலிக் கூடு நேராக மேலே தெறிக்கும். ஸ்கோப்பை வழக்கமான இடத்தில், துப்பாக்கியின் உடல் மேல் மாட்டினால், கூடு அதில் முட்டித் திரும்ப உள்ளேயே விழும். இரண்டாவது குண்டு ஏறாது. எதிரே காயம்பட்ட புலி நிற்கும்போது இது எப்படி முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வின்செஸ்டர் 94 மாடலுக்கும் இதே தொல்லைதான். 1980-களில்தான் கூடு சாய்வாக வெளியேறும்படி மாற்றினார்கள். மார்லின் 336, சாவேஜ் 99 இரண்டும் பக்கவாட்டில் எறிபவை. அவற்றின் மேல் ஸ்கோப்பை இயல்பாக மாட்டலாம். அதனால் ஸ்கோப் வாங்கும் முன் பார்க்க வேண்டிய முதல் விஷயம், காலிக் கூடு எந்தப் பக்கம் போகிறது என்பதுதான்.

மேலே எறியும் துப்பாக்கிக்கு இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, ஸ்கோப்பை இடப்பக்கம் தள்ளி மாட்டுவது. ஒரு அங்குலம் தள்ளி மாட்டி 100 கஜத்தில் குறி சேர்த்தால், 50 கஜத்தில் குண்டு அரை அங்குலம் வலப்பக்கம் படும். 200 கஜத்தில் ஒரு அங்குலம் இடப்பக்கம் படும். வடிவொத்த முக்கோணக் கணக்குதான். வேட்டைக்கு இந்தப் பிசகு ஒன்றும் பெரிதில்லை. ஆனால் கன்னம் கட்டையில் பதியாது, தலையைச் சாய்த்துத் தேட வேண்டியிருக்கும். இதைவிடப் பெரிய சங்கடம், துப்பாக்கியின் உடலில் துளை போட வேண்டியிருப்பது.

இரண்டு, ஸ்கோப்பை முன்னால் குழல் மேல் மாட்டுவது. இதற்கென்றே கண்ணிலிருந்து 9, 10 அங்குலம் தள்ளி வைத்துப் பார்க்கும் ஸ்கோப்புகள் இருக்கின்றன. கூடு தடையில்லாமல் பறக்கும், இரண்டு கண்ணையும் திறந்தபடி குறி பார்க்கலாம். குறை என்னவென்றால், சூரியன் முதுகுக்குப் பின்னால் தாழ்வாக இருந்தால் கண்ணாடியில் பட்டுக் கூசும்.

எத்தனை மடங்கு?

இங்கேதான் பலரும் காசைக் கொட்டுகிறார்கள். பெரிய எண் என்றால் நல்ல ஸ்கோப் என்ற நினைப்பு. கணக்கைப் பார்ப்போம்.

9 மடங்கு காட்டும் ஸ்கோப்பில் 100 மீட்டரில் தெரியும் அகலம் தோராயமாக 4 மீட்டர். 30 மீட்டரில் அது 1.2 மீட்டர்தான். மூக்கிலிருந்து வால் நுனிவரை இரண்டரை மீட்டருக்கு மேல் இருக்கும் புலியை அதில் பார்த்தால் வெறும் கோடுகள்தான் தெரியும். தலை எது, தொடை எது என்று தேடும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்திருக்கும். 2.5 மடங்கு ஸ்கோப்பில் அதே 30 மீட்டரில் கிட்டத்தட்ட 4 மீட்டர் அகலம் தெரியும்.

வெளிச்சத்துக்கும் இதே நியாயம். முன்கண்ணாடியின் விட்டத்தை மடங்கால் வகுத்தால், கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் விட்டம் கிடைக்கும். 20 மி.மீ. கண்ணாடி, 2.5 மடங்கு என்றால் 8 மி.மீ. 40 மி.மீ., 9 மடங்கு என்றால் 4.4 மி.மீ. இருட்டில் இளைஞர்களின் கண்மணி சுமார் 7 மி.மீ. வரை விரியும், ஐம்பது வயதில் சுமார் 5 மி.மீ. ஆக, அந்திவேளையில் சின்ன ஸ்கோப்பே போதுமானதைவிட அதிகம் தருகிறது. 150 கஜத் துப்பாக்கிக்கு 2 முதல் 4 மடங்கு போதும்.

பின்னுதை

கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே எவ்வளவு இடம் வேண்டும் என்பதைப் பின்னுதைதான் தீர்மானிக்கும். 19.4 கிராம் குண்டு 670 மீட்டர் வேகத்தில் போகும்போது உந்தம் 13. வெடிமருந்து வாயுவுக்குத் தோராயமாக 4 சேர்த்தால் 17. துப்பாக்கியின் எடை 3.7 கிலோ என்று வைத்தால், அது நொடிக்கு 4.6 மீட்டர் வேகத்தில் தோளை நோக்கி வரும். ஆற்றல் சுமார் 40 ஜூல். போதாக்குறைக்கு, பழைய துப்பாக்கியின் கட்டை நுனியில் ரப்பர் கிடையாது, இரும்புத் தகடுதான்.

கண்ணுக்கு 3 அங்குலத்தில் இருக்கும் ஸ்கோப்பின் வளையம் இந்த வேகத்தில் வந்தால் புருவம் கிழியும். குறைந்தது 4 அங்குலமாவது வேண்டும். முன்னால் மாட்டும் ஸ்கோப் என்றால் இந்தக் கவலையே இல்லை. தாங்கி உறுதியாக இருக்க வேண்டும் என்பதற்கும், ஸ்கோப் லேசாக இருக்க வேண்டும் என்பதற்கும் காரணம் இதே உதைதான். கனமான ஸ்கோப் ஒவ்வொரு உதைக்கும் தாங்கியை விட்டு நழுவப் பார்க்கும்.

குதிரையும் கன்னமும்

துப்பாக்கிக் குதிரை இந்த மாடலில் வெளியே தெரியும்படி இருக்கிறது. பழைய 1895-ல் தனியாகப் பாதுகாப்புப் பொத்தான் கிடையாது. குதிரையைக் கட்டைவிரலால் பிடித்து மெல்ல அரைநிலைக்கு இறக்குவதுதான் பாதுகாப்பு. அதன் மேல் ஸ்கோப் வந்து குறுக்கே நின்றால் விரல் வழுக்கும், வெடித்துவிடும். பக்கவாட்டில் நீட்டும் சின்ன ஆணி ஒன்றைக் குதிரையில் பொருத்துவது இதற்காகத்தான்.

கட்டையின் வளைவும் தாழ்வான பழைய குறிகளுக்கு ஏற்றபடி செய்தது. ஸ்கோப் ஒரு அங்குலம் உயர்ந்தாலும் கன்னம் கட்டையை விட்டு எழும்பிவிடும். கட்டையைச் செதுக்காமல், கயிறு போட்டுக் கட்டும் தோல் பட்டையைச் சுற்றிக்கொள்வது நல்ல தீர்வு.

பழைய துப்பாக்கிக்குப் பழைய ஸ்கோப்பா?

அழகுக்கு அதுதான் பொருந்தும். ஆனால் மூன்று சங்கதிகளைக் கவனிக்கணும்.

முதலாவது வெளிச்சம். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளி திரும்பிவிடும். பத்துப் பரப்பு இருந்தால் 0.96-ஐப் பத்து முறை பெருக்க வேண்டும். மிஞ்சுவது 66 சதவீதம், மூன்றில் ஒரு பங்கு போச்சு. 1935-ல் ஜெர்மனியில் ஸைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மக்குலா எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சைக் கண்டுபிடித்த பிறகுதான் இது சரியானது.

இரண்டாவது ஈரம். உள்ளே நைட்ரஜன் நிரப்பி மூடிய ஸ்கோப்பை அமெரிக்காவில் லியுபோல்ட் நிறுவனம் 1947-ல் கொண்டுவந்தது. அதற்கு முந்தையவை நம்ம ஐப்பசி மழையில் உள்ளே ஆவி படிந்து, பிறகு பூஞ்சை பிடிக்கும். பழைய கேமரா லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சிலந்திவலை மாதிரியான பூஞ்சை நன்றாகத் தெரியும்.

மூன்றாவது குறுக்குக் கம்பி. தலைமுடி மாதிரி மெல்லியதாக இருந்தால் அந்திவேளையில் மறைந்துபோகும். ஓரங்களில் தடித்து நடுவில் மட்டும் மெலிந்த கம்பியே நல்லது.

முடிவாக

பக்கவாட்டில் கூடு எறியும் மார்லின், சாவேஜ் வைத்திருப்பவர்கள் 2.5 அல்லது 4 மடங்கு நிலையான ஸ்கோப்பைத் தாழ்வாக மாட்டிக்கொள்ளலாம். மேலே எறியும் துப்பாக்கிக்கு, முன்பே யாரோ துளை போட்டிருந்தால் அந்தத் துளைகளைப் பயன்படுத்தலாம். இல்லையென்றால் பின்குறிப் பள்ளத்தைப் பிடித்து நிற்கும் தாங்கியும், 2 மடங்கு லேசான முன் ஸ்கோப்பும். துளையே போடாத அசல் 1895 கையில் இருந்தால் ஸ்கோப் ஆசையை விட்டுவிடுவதுதான் நல்லது. மொத்தம் சுமார் 4,26,000 தான் செய்தார்கள். போட்ட துளையை மறுபடி மூட முடியாது. துளைக்குறியே அதற்குப் பொருத்தம்.

ஆண்டர்சன் பரணில் இரவு காத்திருக்கும்போது குழலோடு டார்ச் விளக்கைப் பொருத்திக்கொள்வதைப் பற்றி எழுதியிருக்கிறார். பத்து இருபது கஜத்தில் நடக்கும் காரியத்துக்கு அவருக்கு வேண்டியிருந்தது வெளிச்சம்தான், உருப்பெருக்கம் இல்லை. தேவையைப் பார்த்துக் கருவியைத் தேர்ந்தெடுப்பது என்றால் இதுதான்.

இவ்வளவு கணக்கும் எதற்கென்று கேட்டால், ஒரு தவறிய குண்டின் விலைக்காக. 1907-ல் கார்பெட் சுட்டு வீழ்த்திய சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. அதன் வலப்பக்கக் கோரைப்பற்கள் பழைய துப்பாக்கிக் காயத்தால் உடைந்திருந்தன, இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதர்களிடம் வந்தது என்று கார்பெட் எழுதினார். யாரோ ஒருவர் எப்போதோ சரியாகக் குறி பார்க்காமல் விசையை இழுத்திருக்கிறார். அவர் வீட்டுக்குப் போய்விட்டார். கணக்கைத் தீர்த்தது வேறு கிராமங்கள்.

1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இங்கே விளையாட்டு வேட்டை என்ற பேச்சே இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ளவும் முடியாது. எங்கள் சிவகங்கை மாவட்டத்திலேயே, வேட்டங்குடிப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் இருக்கிறார்கள். பெயரில் வேட்டை இருக்கிற இடத்தில், வேட்டுச் சத்தமே இல்லை. பழைய துப்பாக்கி இருப்பவர்கள் அதைத் துடைத்து, எண்ணெய் போட்டு, இருக்கிறபடியே அடுத்த தலைமுறைக்குக் கொடுங்கள். காட்டைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் ஸ்கோப்புக்குக் கொடுக்கும் காசில் நல்ல பைனாகுலர் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். மேலே சொன்ன ஒளிவட்டக் கணக்கு அதற்கும் அப்படியே பொருந்தும்.